எந்தத் தெருவில் நின்று பார்க்கிறோம்?

(தஞ்சாவூரில் தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் இருப்பவர்களில் பலர் வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போனவர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனவர்கள். ஆண்டுதோறும் பள்ளி செல்லாக் குழந்தைகளைத் தேடித் தெருத் தெருவாக நடக்கிறவர்கள். ஓர் ஊரின் எல்லா வீட்டு வாசலுக்கும் போய்வந்த அரசு ஊழியர்கள் யார் யார் என்று எண்ணினால், அதில் ஆசிரியருக்கு நிச்சயம் இடம் உண்டு. ஆனால் அப்போதெல்லாம் நம் கையில் இருந்த படிவத்தை வேறு யாரோ தயாரித்தார்கள். அதில் இருந்த கேள்விக்கு விடை எழுதிக்கொண்டு திரும்பினோம். நம்முடைய கேள்வி என்று ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தத் தெருக்களுக்குப் போவது எப்படி, போனால் என்ன தெரியும், தெரிந்தபின் நம் கடமை என்ன? இதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

இதற்கு ஒருவருடைய வாழ்க்கையைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் கேத்லீன் கஃப். இங்கிலாந்தில் பிறந்த மானிடவியலாளர். நம் தஞ்சை வயல்வெளியில் இரண்டு கிராமங்களைப் பற்றி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சிந்தித்து எழுதியவர். மனித உரிமைக்காகப் பேசியதால் வேலையை இழந்தவர். அவர் முன்வைத்த அரசியல் முடிவுகள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. அவர் பார்த்த முறையும், பார்த்ததற்குப் பொறுப்பேற்ற முறையும் நமக்குப் பயன்படும்.

அளவுகோலும் மனிதரும்

மானிடவியல் என்பது மனிதக் குழுக்கள் எப்படி வாழ்கின்றன என்பதை ஆராயும் துறை. உறவுமுறை, தொழில், வழிபாடு, நிலம், அதிகாரம் எல்லாம் அதில் அடங்கும். நம் மாநிலத்தில் அந்தத் துறை தொடங்கிய விதம் அவ்வளவு பெருமைப்படத்தக்கது அல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். ரங்காச்சாரியுடன் சேர்ந்து தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டார். அதில் அரிய தகவல்கள் உண்டு, இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் அளக்கப்பட்ட மனிதரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, அந்த அளவால் அவருக்கு எந்த நன்மையும் விளையவில்லை.

அதே காலத்தில்தான் குற்றப் பரம்பரைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. குறவர் உள்ளிட்ட பல சமூகங்களைப் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று பதிவேட்டில் எழுதிவைத்த சட்டம் அது. 1871இல் வடஇந்தியாவில் தொடங்கி, பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நாடு விடுதலை பெற்றபின் 1952இல்தான் முற்றிலுமாக நீக்கப்பட்டது. ஒரு பதிவேட்டில் எழுதப்படும் ஒரு சொல் மூன்று தலைமுறைகளைப் பாதிக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. பதிவேடு எழுதுகிற நாம் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

யார்க்ஷயரிலிருந்து தஞ்சைக்கு

கேத்லீன் கஃப் 1925ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் யார்க்ஷயரில் ஹன்சிங்கோர் என்ற சிற்றூரில் பிறந்தார். ஏறத்தாழ நூறு பேர் வாழ்ந்த ஊர். ஒரு தேவாலயம், ஒரு தொடக்கப் பள்ளி. மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. தந்தை ஊர்க் கொல்லர், பின்னர் அந்தப் பகுதிக்கு வேளாண் இயந்திரங்களைக் கொண்டுவந்தவர். அந்த ஊர்ப் பள்ளியில் தொடங்கிய பெண், உதவித்தொகையில் கேம்பிரிட்ஜின் கிர்ட்டன் கல்லூரி வரை சென்றார். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்துப் பல்கலைக்கழகம் போன நம் மாணவர்களை நினைத்துக்கொள்ளுங்கள், அப்படிப்பட்ட ஒரு பயணம்தான் அது.

1947 முதல் 1949 வரை மலபாரில் தங்கி நாயர் சமூகத்தின் தாய்வழி உறவுமுறையை ஆராய்ந்தார். 1950இல் முனைவர் பட்டம் பெற்றார். 1951இல் தஞ்சைக்கு வந்தார். அன்றைய தஞ்சாவூர் மாவட்டம் என்றால் இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எல்லாம் சேர்ந்தது.

1953 வரை இரண்டு கிராமங்களில் ஆய்வு செய்தார். மாவட்டத்தின் வடமேற்கில் பழைய ஆற்றுப் பாசனப் பகுதியில் ஒன்று. அதற்குக் கும்பாபேட்டை என்று பெயர் வைத்தார். கிழக்கே நாகப்பட்டினம் பக்கம் இன்னொன்று. அதற்குக் கிரிப்பூர் என்று பெயர் வைத்தார். வரைபடத்தில் இந்தப் பெயர்களைத் தேடினால் கிடைக்காது, இரண்டுமே புனைபெயர்கள். ஊரின் உண்மைப் பெயரை ஏன் மறைக்க வேண்டும்?

அன்றைய நிலையை யோசித்துப் பாருங்கள். பண்ணையாள் குடும்பம் குடிசை போட்டிருந்த மனையே பெரும்பாலும் நிலக்காரருக்குச் சொந்தமானது. களத்துமேட்டில் கிடைக்கும் கூலி நெல்லும் அவர் அளந்து கொடுப்பது. "கூலி போதவில்லை" என்று ஒருவர் வெளியாளிடம் சொன்னது புத்தகத்தில் வந்து, இன்ன ஊர், இன்ன தெரு என்று அடையாளம் தெரிந்துவிட்டால், சொன்னவருக்கு வேலையும் போகலாம், வீடும் போகலாம். குடியிருந்த மனைக்கு உரிமை தரும் சட்டம் 1971இல்தான் வந்தது. கேள்வி கேட்கிறவருக்கு விடை ஒரு தகவலாக இருக்கலாம். விடை சொன்னவருக்கு அது குடியிருப்பைப் பற்றிய விஷயம். தகவல் தருகிறவரைக் காப்பது தகவல் பெறுகிறவரின் முதல் கடமை என்பதை மானிடவியல் கள ஆய்வு இப்படித்தான் கற்றுத் தருகிறது.

அவர் இங்கே இருந்த காலமும் சாதாரணக் காலம் அல்ல. 1940களிலிருந்தே பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கீழத் தஞ்சையில் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டியிருந்தார்கள். சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த வயல்கள் அவை. 1952இல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்தபோது வெளியேற்ற முடியாது, கூலிக்கு ஒரு வரம்பு உண்டு என்று சட்டம் சொன்னது. இந்த மாற்றம் நடந்தபோது கஃப் கிராமத்தில் இருந்தார். கும்பாபேட்டையில் பிராமண நிலவுடைமையாளர்கள் மேலோங்கியிருந்தார்கள். கிரிப்பூரில் பிராமணரல்லாத நிலவுடைமையாளர்கள் இருந்தார்கள், தொழிலாளர் சங்கமும் வலுவாக இருந்தது. ஒரே மாவட்டம், ஒரே காவிரி, ஒரே நெல். ஆனால் ஒரு கிராமத்தைப் பார்த்து மற்றதைப் பற்றி முடிவு கட்ட முடியாது. இரண்டு ஊர்களை அவர் எடுத்துக்கொண்டதன் பயன் இதுதான்.

தங்கும் இடமும் தெரியும் விஷயமும்

இங்கே இன்னொரு மானிடவியலாளரையும் சொல்ல வேண்டும். ஆந்த்ரே பெத்தேய். 1961-62இல் இதே தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். ஸ்ரீபுரம் என்று அதற்குப் புனைபெயர் சூட்டினார். சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றும் எப்படி ஒன்றாக இருந்து பின்பு பிரியத் தொடங்கின என்பதை விளக்கும் அவருடைய நூல் 1965இல் வெளிவந்தது. இன்றும் சமூகவியல் மாணவர்களுக்கு அது பாடம்.

அவர் ஒரு விஷயத்தை நேர்மையாக எழுதிவைத்தார். தங்க இடம் கிடைத்தது அக்கிரகாரத்தில். அங்கே தங்கியதால், ஊரார் அவரை அந்தத் தெருவோடு சேர்த்தே பார்த்தார்கள். குடியானத் தெருவிலும் ஆதிதிராவிடர் தெருவிலும் அக்கிரகாரத்தில் பழகிய அளவுக்கு அவரால் பழக முடியவில்லை. ஆய்வாளர் நல்லவர்தான், படித்தவர்தான், யாரையும் ஒதுக்கும் எண்ணம் இல்லாதவர்தான். ஆனாலும் அவர் இரவு எந்த வீட்டில் படுத்தார் என்பது பகலில் அவருக்கு என்ன தெரியவந்தது என்பதைத் தீர்மானித்தது.

நம் பள்ளிகளுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பேருந்தை விட்டு இறங்கினால் பள்ளி. பள்ளியை விட்டால் பேருந்து நிறுத்தம். இடையில் ஒரு டீக்கடை. அந்தக் கடைக்காரர், ஊராட்சித் தலைவர், நன்கொடை தரும் பெரியவர், பள்ளி மேலாண்மைக் குழுவில் சரளமாகப் பேசும் இரண்டு மூன்று பெற்றோர். ஊரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் இவர்கள் வழியாகத் தெரிந்ததே. "அந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை சார்" என்று அவர்கள் சொன்னால், அது ஊர் சொன்ன செய்தியாக நம் மனத்தில் தங்கிவிடுகிறது. அந்தத் தெரு சொன்ன செய்தி இன்னும் நம் காதுக்கு வரவில்லை.

மதிப்பெண் போட மறுத்தவர்

கஃப்பின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். தஞ்சையிலிருந்து போனபின் அவர் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கற்பித்தார். மானிடவியலாளர் டேவிட் ஏபர்லேயை மணந்தார். ஏபர்லே அமெரிக்காவின் நவஹோ பழங்குடி மக்களைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர்.

1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தது. அப்போது பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த கஃப், அமெரிக்க அரசின் போக்கை மாணவர் கூட்டத்தில் வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார். நிர்வாகத்துடன் மோதல் வந்தது. 1963இல் அங்கிருந்து விலகி ஒரிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அமெரிக்கப் புலனாய்வுத் துறை அவரைக் கண்காணித்தது பின்னாளில் ஆவணங்களில் வெளிவந்தது.

ஒரிகனில் நடந்ததை ஆசிரியர்களாகிய நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அது வியட்நாம் போர்க் காலம். அமெரிக்க இளைஞர்கள் கட்டாய ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால் தள்ளிவைப்பு கிடைக்கும், மதிப்பெண் குறைந்தால் அது பறிபோகலாம். விடைத்தாளில் ஆசிரியர் போடும் எண் ஒரு மாணவனைப் போர்க்களத்துக்கு அனுப்பக்கூடும் என்ற நிலை. அப்படிப்பட்ட மதிப்பெண் முறைக்குத் துணைபோக முடியாது என்று சொல்லி 1967இல் கஃப் அந்த வேலையை விட்டார். குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1969இல் அவருடைய துறையில் ஆசிரியர்களும் மாணவர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதில் பங்குகொண்டதற்காகப் பணிநீக்கப்பட்ட ஆசிரியர்களில் அவரும் ஒருவர். அதன்பின் நிரந்தரப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மதிப்புறு ஆய்வாளராக இருந்தபடி எழுதினார். 1990 செப்டம்பர் 8ஆம் நாள் வான்கூவரில் காலமானார். மிக முக்கியமான நூல்களைப் பதவி இல்லாத அந்த இருபது ஆண்டுகளில்தான் எழுதி முடித்தார்.

1968இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று உலகெங்கும் மானிடவியலாளர்களை உலுக்கியது. மானிடவியலை ஏகாதிபத்தியத்தின் குழந்தை என்று அவர் அழைத்தார். ஆளப்பட்ட மக்களை ஆராய்ந்தீர்கள், அவர்களை ஆண்டவர்களை ஏன் ஆராயவில்லை என்பது அவர் கேள்வி. மக்களின் உறவுமுறையை வரைந்தீர்கள், அவர்களுடைய நிலமும் உழைப்பும் எங்கே போயின என்பதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார்.

அதே 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய கீழத் தஞ்சையில், கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பட்டியல் இனத்தைச் சேர்ந்த விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பின்னணியில் இருந்தது நெல்லாக அளக்கும் கூலியில் ஒரு சிறு உயர்வைக் கேட்ட போராட்டம். அதன்பின் விசாரணை ஆணையம் அமைந்தது, 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அன்று இறந்த குழந்தைகளில் சிலர் பள்ளிக்கூட வயதில் இருந்தவர்கள். அவர்களுடைய வயதுப் பிள்ளைகள்தான் நாளை காலை நம் வகுப்பறைக்கு வரப்போகிறவர்கள்.

பழைய குறிப்பை மீண்டும் படித்தல்

1976இல் கஃப் மீண்டும் தஞ்சைக்கு வந்தார். அதே இரண்டு கிராமங்கள், கால் நூற்றாண்டு இடைவெளி. இதற்கிடையில் 1960இல் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண் திட்டத்துக்காகத் தேர்வு செய்யப்பட்டிருந்தது. ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 போன்ற ரகங்கள், ரசாயன உரம், பம்புசெட்டு எல்லாம் வந்திருந்தன. விளைச்சல் பெருகியது. ஆனால் நிலமற்ற கூலித் தொழிலாளர்களின் வாழ்வு அதே அளவுக்கு உயரவில்லை என்று அவர் கண்டார்.

1951-53இல் எழுதிய குறிப்புகளைக் கொண்டு 1950களில் சாதி, உறவுமுறை பற்றிக் கட்டுரைகள் எழுதியிருந்தார். அதே குறிப்புகளை மீண்டும் எடுத்து, நிலம் யாரிடம், உழைப்பு யாருடையது, விளைச்சல் யாருக்குப் போகிறது என்ற கேள்விகளோடு படித்து, 1981இல் ஒரு பெரிய நூலாக்கினார். மறு ஆய்வின் முடிவுகளைச் சேர்த்த நூல் 1989இல், அவர் மறைவுக்கு ஓராண்டு முன்பு வந்தது. தகவல் பழையது, கேள்வி புதியது. அதனால் முதல் முறை கண்ணில் படாதது இரண்டாம் முறை பட்டது.

நம்மிடமும் அப்படிப்பட்ட பழைய குறிப்பு இருக்கிறது. அலமாரியில் இருக்கும் வருகைப் பதிவேடு. அதை ஆய்வு அலுவலருக்காக எழுதினோம். இப்போது வேறொரு கேள்வியோடு படித்துப் பார்க்கலாம்.

பழங்குடி மக்கள் கேட்ட கேள்வி

கஃப்பின் நூல்களிலும் ஒரு குறை உண்டு. அவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. கும்பாபேட்டையின் பண்ணையாள் தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்று படித்துப் பார்க்க வழியில்லை. இந்தக் கேள்வியைக் கூர்மையாகக் கேட்டவர்கள் உலகின் பழங்குடி மக்கள். அமெரிக்கப் பழங்குடி எழுத்தாளர் வைன் டெலோரியா 1969இல் வெளியிட்ட நூலில் மானிடவியலாளர்களைக் கடுமையாகக் கிண்டல் செய்தார். கோடையில் வருகிறார்கள், எழுதிக்கொண்டு போகிறார்கள், எங்களுக்கு என்ன கிடைத்தது என்பது அதன் சாரம். 2007இல் ஐக்கிய நாடுகள் அவை பழங்குடி மக்களின் உரிமைகள் குறித்த பிரகடனத்தை ஏற்றது. எங்களைப் பாதிக்கும் முடிவு எதுவானாலும், எங்களுக்கு முன்கூட்டியே விவரம் சொல்லி, எங்கள் மனமொப்பிய சம்மதத்தைப் பெற வேண்டும் என்பது அதில் ஒரு முக்கியக் கொள்கை.

கஃப் கடைசிவரை வாழ்ந்த கனடாவில் பள்ளிக்கூடமே பழங்குடி மக்களுக்குக் காயமாக இருந்தது. ஏறத்தாழ 1,50,000 பழங்குடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பள்ளிகளில் வைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசத் தடை, பேசினால் அடி. 2008இல் கனடா அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. அந்தப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களும் ஆசிரியர்கள்தான். பிள்ளைகளை நாகரிகப்படுத்துகிறோம் என்று உண்மையாகவே நம்பியவர்கள் அவர்களில் இருந்தார்கள்.

நம் காவிரிப் படுகையில் பழங்குடிகள் எங்கே என்று கேட்கலாம். பேருந்து நிலையத்தின் ஓரத்தில், ரயிலடியின் பின்புறத்தில், ஊருக்கு வெளியே குளத்தங்கரையில் இருக்கிறார்கள். நரிக்குறவர் குழந்தைக்கு வீட்டு மொழி வாக்ரிபோலி. தமிழ் அந்தக் குழந்தைக்கு இரண்டாம் மொழி. முதல் வகுப்பில் திணறினால் "மந்தமான பிள்ளை" என்று எழுதிவிடுகிறோம். ஆறு வயதில் இரண்டு மொழி புழங்கும் பிள்ளை அது.

நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2023 தொடக்கத்தில்தான் சட்டத்திருத்தத்தின் மூலம் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதற்கு முன் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் பதிவேட்டில் பழைய வகைப்பாடே இருக்கும். பூம்பூம் மாட்டுக்காரர் குடும்பங்கள் ஆதியன் என்ற பெயரில் பழங்குடிச் சான்று கேட்டு நெடுங்காலமாக அலைகின்றன. கிடைத்த இடங்களும் உண்டு, மறுக்கப்பட்ட இடங்களும் உண்டு. சான்று தரும் அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பம் காட்டக்கூடிய முதல் எழுத்துச் சான்று பல நேரங்களில் நம் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடுதான். அதில் நாம் அவசரத்தில் எழுதிய ஒரு சொல், பிளஸ் டூ முடித்த பெண்ணின் உதவித்தொகையைத் தடுத்து நிறுத்தலாம்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய ஆய்வு எதுவும் செய்யச் சொல்லவில்லை. உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் வேலைச்சுமை எனக்குத் தெரியும். நான்கு சிறு காரியங்களை மட்டும் முன்வைக்கிறேன்.

முதலாவது, பள்ளியின் தெரு வரைபடம். உங்கள் மாணவர்கள் எந்தெந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள்? ஒவ்வொரு தெருவிலிருந்தும் எத்தனை பேர்? வழியில் வாய்க்கால் உண்டா, மழைக்காலத்தில் அந்தப் பாதை திறந்திருக்குமா? ஒரு தெருவுக்கு ஒரு மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். புகார் சொல்லப் போகாமல் ஒரு முறையாவது சும்மா போய் வாருங்கள். ஆசிரியர் வீட்டுக்கு வந்தாலே பிள்ளை ஏதோ தப்பு செய்துவிட்டது என்று பெற்றோர் பயப்படும் நிலை மாறட்டும். "காலனி" என்ற சொல்லை வழக்கிலிருந்து நீக்குவதாக 2025இல் அரசு அறிவித்தது. அந்த மக்கள் தங்கள் தெருவை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று கேட்டு, வரைபடத்தில் அந்தப் பெயரையே எழுதுங்கள்.

இரண்டாவது, மூன்று ஆண்டு வருகைப் பதிவேட்டை எடுத்து, பக்கத்தில் வேளாண் நாட்காட்டியை வையுங்கள். மேட்டூர் திறப்பு, குறுவை நடவு, சம்பா நடவு, களை, தை அறுவடை, தாளடி அறுவடை. எந்த மாதத்தில் எந்தத் தெருவின் பிள்ளைகள் வரவில்லை என்று பாருங்கள். இப்போது நடவு இயந்திரமும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் வந்துவிட்டார்கள். உள்ளூர்க் குடும்பங்கள் வேலை தேடித் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போகின்றன. ஆகவே பழைய காரணம் இன்றைய காரணமாக இருக்காது. தாய் வேலைக்குப் போகும் மாதத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்ட பெண்ணைப் "படிப்பு வராத பிள்ளை" என்று இத்தனை நாள் எண்ணியிருக்கலாம். காரணம் தெரிந்தால் தீர்வும் வேறாகும். அங்கன்வாடி நேரத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் கண்டித்துக்கொண்டிருக்க மாட்டோம்.

மூன்றாவது, சேர்க்கையின்போது சமூகத்தின் பெயரைக் கேட்டு எழுதும் நிமிடத்துக்குக் கூடுதல் கவனம் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு எழுதுங்கள். எழுத்துக் கூட்டலைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள். சான்று இல்லாத குடும்பத்துக்கு விண்ணப்பம் எழுத உதவுங்கள். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குச் சான்று கிடைத்தால், பின்னால் வரும் பிள்ளைகளுக்கு வழி பிறக்கும்.

நான்காவது, தெரிந்துகொண்டதைக் காப்பதும் திருப்பித் தருவதும். வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் "உன் அப்பா என்ன வேலை?" என்று எழுப்பிக் கேட்காதீர்கள். உதவித்தொகைப் பட்டியலை உரக்க வாசிக்காதீர்கள். பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப்பில் போடும் முன் வீட்டில் கேளுங்கள். ஊர் வரலாற்றுச் செயல்திட்டம் என்ற பெயரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் குலத்தொழிலையே தலைப்பாகக் கொடுத்துவிடாதீர்கள். மாறாக, நெல் ரகம், களைச்செடி, மீன், பறவை பற்றி எந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தாலும் அதை அறிவு என்று ஏற்று வகுப்பில் பேசச் செய்யுங்கள். பின்பு, நீங்கள் கண்டறிந்ததை, யாருடைய பெயரும் இல்லாமல், பள்ளி மேலாண்மைக் குழுவில் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். "இந்த இரண்டு மாதங்களில் இத்தனை பிள்ளைகள் வருவதில்லை, என்ன செய்யலாம்?" என்று அவர்களிடமே கேளுங்கள். கூட்டத்தில் வாய் திறக்காத தாய்மார்கள் அன்று பேசுவார்கள்.

கஃப்பும் பெத்தேயும் சில காலம் தங்கினார்கள், போனார்கள், ஒருவர் திரும்பியும் வந்தார். நாம் ஒரே பள்ளியில் ஐந்து, பத்து ஆண்டுகள் இருக்கிறோம். ஒரு தாயின் பிள்ளைகள் மூன்று பேருக்கும் பாடம் நடத்துகிறோம். எந்த ஆய்வாளருக்கும் கிடைக்காத காலம் நமக்குக் கிடைத்திருக்கிறது. இடமாறுதலில் போகும் ஆசிரியர், தெரு வரைபடத்தையும் வருகைக் குறிப்பையும் அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனால், அவர் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

வரும் ஜூன் மாதம் பள்ளி திறந்து சில நாட்களில் மேட்டூரும் திறக்கும். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருவதற்குள் உங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் பாதியையாவது நடந்து முடித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கண்டதை எழுதுங்கள், ஒன்றிய அளவிலான கூட்டங்களில் பகிர்ந்துகொள்ளுங்கள்.